ஐந்துக்கு ஐந்து வாங்கிய சாயம்

நான் படித்தது சுற்றுச்சூழலும் நீடித்த வளர்ச்சியும் என்ற முதுகலைப் படிப்பு. எங்கள் காஞ்சிபுரத்துத் தெருவில் இதை விளக்க ஒருமுறை முயன்றேன். "கார்ப்பரேஷன்ல குப்பை வண்டி பாக்கறதுக்கா ரெண்டு வருஷம்?" என்றார் சித்தப்பா. அதோடு விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். எதைப் படித்தாலும் பெருமைதான் என்பது அதில் ஒரு வசதி.

சென்னையில், ஸ்வெட்டர் தேவைப்படும் அளவுக்கு ஏசி போட்ட வகுப்பறையில் உட்கார்ந்து பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்பட்டோம். தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேச வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் வைத்தோம். கடைசிப் பருவத்தில் ஆய்வேடு. "உங்க ஊர்லதான் சாயப்பட்டறை இருக்கே, அதையே எடுத்துக்கோ" என்றார் நெறியாளர் மேடம். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதுதான் அப்பாவின் வேலை. என் அதிர்ஷ்டம், ஆய்வுக்களம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மேடம் கொடுத்த ஆங்கிலக் கேள்விகளை அகராதியை வைத்துத் தமிழாக்கினேன். பூமியைக் கெடுக்காமல் தொழில் நடப்பதைச் சொல்லும் 'சஸ்டெய்னபிலிட்டி'க்கு 'நிலைக்கும் தன்மை' என்று போட்டேன். முக்கியமான கேள்வி இது: 'உங்கள் தொழிலின் நிலைக்கும் தன்மைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?'

முதலில் அப்பாவிடம் போனேன். தொடங்குமுன் விதிப்படி, "உங்கள் பெயர் எங்கும் வெளிவராது" என்று படித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"முப்பது வருஷமா சாயக் கொப்பரைல கைய வுட்டுக்கினு இருக்கறன். என் பேரு போடலன்னா எவன் நம்புவான்?"

"அது ரூல்பா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஐந்து என்றார். அடுத்த பட்டறையிலும் ஐந்து. அதற்கடுத்ததிலும் ஐந்து. நான் போன இடத்தில் எல்லாம் ஐந்துதான்.

மேடம் பூரித்துப் போனார். 'மரபுத் தொழிலில் இயல்பாக ஊறிய சூழல் விழிப்புணர்வு' என்று அவரே ஒரு வாக்கியம் செய்து கொடுத்தார். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் காலை ரயிலில் நின்றுகொண்டே போக வேண்டும்.

சனிக்கிழமை முடிவுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"எல்லாரும் அஞ்சா?"

"ஆமாம்பா."

"பின்ன? என் சாயம் நிக்காதுன்னு எவனாவது சொல்லுவானா? கெட்டிச் சாயம்பா. எத்தினி தண்ணில போட்டு அலசினாலும் போவாது."

நான் பூமியைப் பற்றிக் கேட்டிருந்தேன். ஊர் முழுக்கப் புடவையைப் பற்றிப் பதில் சொல்லியிருந்தது.

மேடத்துக்குப் போன் செய்தேன். "ஒரு அடிக்குறிப்புல சமாளிச்சிடலாம். திங்கட்கிழமைய மறந்துடாதே" என்றார். எழுதியும் பார்த்தேன்: 'பதிலளித்தோர் வேறு வகை நிலைத்தன்மையையும் கருத்தில் கொண்டிருக்கலாம்.' நல்ல வாக்கியம். இரண்டு வருடப் படிப்பு அதில் தெரிந்தது. பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் உண்மையைச் சொல்லியிருக்க, பொய் சொல்லப் போகிறவன் படித்த நான் ஒருவன்தான் என்பதும் தெரிந்தது. அழித்தேன். திங்கட்கிழமை வரமாட்டேன் என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். கைகூப்பிய பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கொப்பரையில் அரக்கு நிறம். பின்பக்கக் கால்வாயிலும் அதே அரக்கு, ஐந்துக்கு ஐந்து.

"நீதானேபா போவாதுன்னு சொன்ன. அது இன்னா?"

"பொடவைலருந்து போவாதுன்னுதான் சொன்னன்."

"சரி, நூல்ல ஏறாத மீதிச் சாயம் எங்கபா போவுது?"

முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்த நூலை அப்பா கோலில் மாட்டினார். கால்வாயைப் பார்த்தார். பிறகு என் நோட்டைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒரு ரூல் சொன்னியே, பேரு வராதுன்னு."

"ஆமாம்பா."

"நல்ல ரூலுதான். எழுதிக்க, சொல்றன்."