அரைவேக மாஸ்டர்

மாஸ்டர் கைபேசித் திரையைச் சட்டை நுனியால் மூன்று முறை துடைக்கிறார். இறகுப்பந்து வலைக் கம்பத்தில் ரப்பர் வளையம் போட்டு அதைக் கட்டுகிறார், இழுத்துப் பார்க்கிறார். பிறகுதான் மாணவர்களை நிமிர்ந்து பார்க்கிறார். "முதல் எட்டு எண்ணிக்கை மட்டும். பாதத்தப் பாருங்க, மூஞ்சியப் பாக்காதீங்க. மூஞ்சி என்ன வேணா பொய் சொல்லும்."

கல்லூரியில் உடற்கல்வி மாஸ்டர். பாடத்திட்டத்தில் நடனம் சேர்ந்தபோது அதுவும் அவர் தலையில் விழுந்தது. எந்த அசைவையும் கைபேசி வீடியோவில் பாதி வேகத்தில் ஓட்டிக் காட்டுவதால் பிள்ளைகள் வைத்த பெயர் 'அரைவேகம்'. "வேகமே இல்லன்னு வைக்காம விட்டீங்களே, சந்தோஷம்" என்பார். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கால் டிராக் பேண்ட்தான். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று போனில் பேசுவார். எதிர்முனையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

திரையில் துள்ளிச் சுழல்பவர் அவரேதான். மூன்று வருடம் முன்பு மொட்டை மாடியில் மனைவி எடுத்த வீடியோக்கள். அதன்பின் இடது முழங்கால் போய்விட்டது. விஷயம் மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும்.

"பேசாம சொல்லித் தொலைங்களேன்" என்பாள் மனைவி.

"சொன்னா அடுத்த வருஷம் வேற ஆள் வந்து நிப்பான். என் வேலை வருஷா வருஷம் கையெழுத்து போடுற வேலைடி."

கைபேசி வைத்துப் பாடம் நடத்தும் முறையை முதல்வர் கூட்டத்தில் பாராட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். இவருக்கு முதுகு வியர்த்தது. பயந்தபடியே, போன வாரம் முதல்வர் வராந்தாவில் வழிமறித்தார். "வியாழக்கிழமை காலேஜப் பாக்க கமிட்டி வருது மாஸ்டர். வீடியோ இருக்கட்டும், நீங்களே ஒரு தடவ ஆடிக் காட்டிடுங்க."

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆட்டத்தில் இரண்டாவது எட்டு எண்ணிக்கையில் ஒரு துள்ளல் வரும். இடது காலில் இறங்க வேண்டும். பல் துலக்கும்போதும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் மனதுக்குள் துள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் விழுந்தார்.

வியாழக்கிழமை காலை, கமிட்டி வருவதற்கு முன் ஒரு பயிற்சி. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் நடக்க மற்றவர் படம் பிடித்து, பாதம் விழும் இடத்தைப் பார்த்துப் பிழை எழுதி, வகுப்புக் குழுவில் போட வேண்டும். அந்தக் குழுவில் முதல்வரும் இருக்கிறார். மாணவர்கள் இருபத்தொன்பது பேர். கண்ணாடி போட்ட ஒரு பெண் தனியாக நின்றாள்.

"சார், எனக்கு ஜோடி இல்ல."

"நான் இருக்கேன்ல, எடும்மா."

வெறும் எட்டு அடி நடைதானே என்று நினைத்து நடந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவள் போனோடு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க சொன்ன மாதிரிதான் சார், பாதி வேகத்துல பாத்தேன். உங்க இடது கால் தரையில நிக்கவே இல்ல. தொட்டுட்டு ஓடுது." பிறகு சங்கடமாக, "பிழைன்னு எழுதவா சார், வேணாமா?"

போனை வாங்கிப் பார்த்தார். முகம் சிரித்தபடி நடந்து வந்தது. கால், சுடும் தரையில் வைத்தது போல வைத்த இடத்திலிருந்து தப்பி ஓடியது. இத்தனை நாள் இப்படித்தான் நடந்தோமா? 'அழி' என்ற சொல்லின் மேல் கட்டைவிரல் போய் நின்றது.

வாசலில் பேச்சுக் குரல்கள். முதல்வர், பின்னால் நான்கு பேர். "என்ன மாஸ்டர், ஆரம்பிக்கலாமா?"

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வீடியோவை அழிக்காமல் போனை அவள் கையில் கொடுத்தார். "எழுதும்மா" என்றார். குரல் பாதிதான் வந்தது. பிறகு குனிந்து, டிராக் பேண்டின் இடது காலை மேலே சுருட்டத் தொடங்கினார், முழங்கால் கட்டு தெரியும் வரை.