மாமா தொடங்கிய சங்கம்

1964ஆம் ஆண்டு பெப்ரவரி ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். லண்டன் சவுத்தாலில் தூறல். எனக்கு ஒன்பது வயது. மாடிப்படியில் உட்கார்ந்து, வாசலில் கழற்றியிருந்த ஈரச் சப்பாத்துகளை எண்ணினேன். ஆறு சோடி.

அம்மாவின் தம்பியான மாமா, அப்பா, வந்திருந்த ஆறு பேர், எல்லோருக்கும் ஒரே பிஸ்கட் தொழிற்சாலையில்தான் வேலை. மாமா அங்கே தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பேராவது சேர்ந்தால்தான் முதலாளி அதோடு பேசுவார். சேராவிட்டால் முதலில் வேலை போவது மாமாவுக்கு. மறுநாள் காலை கடைசித் தவணை. இன்னும் ஏழு பேர் வேண்டும். சேராமல் நின்ற யாழ்ப்பாணத்தாரும் சரியாக ஏழு பேர், அப்பா உட்பட.

ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்துவிட்டு இங்கே பிஸ்கட் அடுக்கியவர்கள் அவர்கள். "யூனியன் கூலியாக்களுக்கு. நாங்கள் படிச்சனாங்கள்" என்பார் அப்பா. ஆகவே மாமா அந்தச் சொல்லையே கைவிட்டு, "சங்கம் ஒண்டு துவங்கப்போறன், வாங்கோ" என்று மட்டும் சொல்லி வைத்தார். தமிழ்ச் சங்கம் என்று எண்ணி ஆறு பேரும் கோட்டும் டையுமாக வந்துவிட்டார்கள்.

தேநீர் ஆறுமுன் சண்டை தொடங்கியது.

"மூப்பின்படி தலைவர் நான்தான்."

"மூப்போ? நீங்கள் போன மாசம்தானே வந்தனீங்கள், அண்ணை."

"லண்டனுக்கு. பூமிக்கு உனக்கு முந்தியே வந்திட்டன்."

மாமா ஒருவரையும் நோகவிடவில்லை. தலைவர் ஒருவர், உப தலைவர்கள் மூவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளராக அப்பா. பதவி இல்லாத அங்கத்தவர் எவருமில்லை. அந்தச் சூட்டோடு ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் அங்கத்துவ அட்டையை வைத்தார். ஆறு பேரும் பேச்சை நிறுத்தாமலே கையெழுத்திட்டார்கள். பால் போத்தல் மூடியைக்கூடக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படிக்கும் அப்பா, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

மாமாவின் வேலை தப்பியது. செவ்வாய்க்கிழமை எல்லோரும் மறுபடி வந்து முறையாகக் கோபப்பட்டார்கள்.

"எங்களை ஏமாத்திப்போட்டாய்."

"சங்கம் எண்டுதானே சொன்னனான். தொழிற்சங்கமும் சங்கம்தானே."

அட்டையை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. பதவியையும் விடவில்லை. "அப்ப எங்கட வருசப்பிறப்பு விழா எப்ப?" என்றார் தலைவர்.

படித்த ஏழு பேரை மாமா ஏமாற்றிய கதையை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், தோர்ண்டன் ஹீத் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம்கூட. அட்டையின் தலையில் கொட்டை எழுத்தில் யூனியன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலக் கடிதம் எழுதியே ஊரில் சம்பளம் வாங்கியவர் அப்பா. சேர அவர்களுக்கு மனம் இருந்தது, சேருகிறேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. அதற்கு யாராவது ஏமாற்ற வேண்டியிருந்தது. ஒன்பது வயதில் எனக்கு இது தோன்றவில்லை. மாமாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சித்திரையில் அவர் முணுமுணுக்காமல் தன் கைக்காசில் விழா எடுத்தார். மண்டபம், அரிசி, சர்க்கரை, தலைவருக்கு மாலை, எல்லாம் சேர்த்துப் பதினொரு பவுண் நாலு ஷில்லிங்.