ஏழுமலை அண்ணன் குடிக்காத இருபத்திரண்டு வருஷம்

மத்தியானம் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது ஏழுமலை அண்ணனின் மனைவி அஞ்சலை போன் செய்தார். "பாய், அவரு பூட்டாரு" என்றார். மாரடைப்பு. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினேன். சேதி கேட்ட பக்கத்துக் கடைக்காரர், குடித்துக் குடித்து ஈரல் போயிருக்கும் என்று தானே ஒரு முடிவு சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அண்ணன் குடியை விட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

சனிக்கிழமைதோறும் நெல்லித்தோப்பில் என் தையல் கடையின் பின்னறையில் கூடும் உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. குடியை விட்டவர்களும் விடத் தவிப்பவர்களும் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்று அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர் அவர். நான் குடிகாரனாக இருந்தவன். சொந்தத் தெருவிலேயே எனக்கு ஸலாம் சொல்ல ஆளில்லாத நாட்களில், என் வாசற்படியில் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுத்த ஒரே மனிதர் அவர்.

பிழைப்புக்கு நோணாங்குப்பத்தில் படகு ஓட்டினார். படகில் ஏறும் வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் பையில் பாட்டிலோடுதான் வருவார்கள். பாண்டியில் இருந்துகொண்டு குடிக்காமல் இருக்கிறாயா என்று அவரிடமே நீட்டுவார்கள். "என் பங்க நான் முன்னாடியே குடிச்சி முடிச்சிட்டேன் சார்" என்பார் சிரித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வராது. தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு இருந்த காலத்திலிருந்தே பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊராக நம் ஊரை ஆக்கிவைத்திருக்கிறார்கள். விற்பதற்கு ஆயிரம் பேர். விழுந்தவனைத் தூக்க ஒரு படகுக்காரர்தான் கிடைத்தார்.

ஒரு முறை பள்ளிக்கூடத்தை ஒட்டிச் சாராயக்கடை திறந்தார்கள். பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். அண்ணன் மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு அவர்களோடு வெயிலில் கிடந்தார். கடையை எடுத்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். எடுத்தார்கள், எடுத்து இரண்டு தெரு தள்ளி வாழைமரம் கட்டித் திறந்தார்கள்! வெட்கங்கெட்டவர்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அண்ணன் என்னை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். "கடை அவங்களுது பாய். தொண்ட நம்முளுது" என்றார். அன்றைக்கு அது எனக்குக் கையாலாகாத பேச்சாகத்தான் பட்டது. இன்றைக்கும் பாதி அப்படித்தான் படுகிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூட்டத்திலிருந்து ஒன்பது பேர் அவர் கிராமத்துக்குப் போனோம். குடியை விட்டு இருபது நாளே ஆன முருகனும் வந்தான். அண்ணன் கடைசியாகக் கூட்டிவந்த ஆள் அவன். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைப்பது அவர்கள் வழக்கம். போட்டோவுக்கு முன்னால் இலை போட்டுச் சோறு, கறிக்குழம்பு, வடை வைத்தார்கள். பிறகு அண்ணனின் தம்பி வந்து அரை பாட்டில் பிராந்தியைத் திறந்து வைத்தான். அண்ணனுக்குப் பிடித்தது என்றான். பங்காளிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்கள்.

படைத்ததை அவர் பெயரைச் சொல்லி வந்தவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வேண்டாமென்றால் செத்தவருக்கு மரியாதைக் குறைவு. தம்பி டம்ளரில் ஊற்றி நேராக முருகனிடம் கொண்டுவந்தான். "அண்ணன் பேரச் சொல்லி ஒரு வாய், தம்பி." முருகன் வாங்கிவிட்டான். அதைத் தட்டிவிட நான் ஓர் எட்டு வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. அடுத்தவர் வீட்டுச் சடங்கு, நான் துலுக்கன், நமக்கெதற்கு என்று நின்றேன். இத்தனை வருஷம் ஊரைத் திட்டிய வாய் அது. தூ!

அஞ்சலைதான் எழுந்து வந்தார். முருகன் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு கொழுந்தனைப் பார்த்தார்.

"அவரு குடிச்சது ஒங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்குது. குடிக்காம இருந்தத நான் ஒருத்திதான் பாத்தேனா?"

டம்ளரையும் பாட்டிலையும் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்தார். தம்பி சாப்பிடாமலே எழுந்து போனான், பங்காளிகளும் போனார்கள். போட்டிருந்த இலைகளில் நாங்கள் உட்கார்ந்தோம். முருகன் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டான்.

அண்ணனின் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை, இனி வாய்க்கப்போவதுமில்லை. அஞ்சலை கேட்ட அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. அண்ணன் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்தப் பதிலைத்தான். நானும் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமும் பார்த்தேன். யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.