கட்டத்துக்கு ஒரு பல்பு

கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டமாக நிறம் வைத்துப் படம் வரைகிற வேலை இருக்கிறதே, அதில் படம் நன்றாக வந்தால் மெஷினுக்குப் பேர், கோணலாக வந்தால் நமக்குப் பேர். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கழுத்து வலியும் கண் எரிச்சலும் உங்களுக்கும் இருக்கும்.

நான் வேலை பார்ப்பது அரூரில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில். கோயில் பண்டிகை, கல்யாணம், கடைவாசல் எல்லாவற்றுக்கும் பல்பு போர்டு கட்டித் தருகிற கடை. திரையில் நான் ஒரு கட்டத்துக்கு நிறம் வைத்தால், போர்டில் ஒரு பல்பு அந்த நிறத்தில் எரியும். நான் படித்தது எட்டாவது. மகள் ஓசூரில், மகன் திருப்பூரில் என்று ஆன பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல், கடை கூட்டுகிற வேலைக்குத்தான் வந்தேன். முதலாளி என்னைவிடச் சின்னவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அந்த முதலாளித் தம்பி ஒருநாள், "கோலம் போடுவீங்களாக்கா?" என்று கேட்டு மவுஸைக் கையில் கொடுத்தார். கோலத்தில் புள்ளியைச் சுற்றிக் கோடு ஓடும். இங்கே கோடே கிடையாது, புள்ளிதான் எல்லாம். அது கைக்கு வரவே வெகுநாள் ஆயிற்று.

இந்த வருசம் எங்கள் ஊர் மாரியம்மன் முகத்தையே வரைகிற வேலை வந்தது. எங்கள் ஊர் என்று சொல்கிறேனே தவிர, எங்கள் தெரு ஊரை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறது. காலனி என்பார்கள். ஆத்தா தேர் அங்கே வந்ததே இல்லை. தேர் வராவிட்டால் போகிறது, பல்பு வெளிச்சத்திலாவது அவள் முகம் எங்கள் தெருவைப் பார்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இந்த வருசம் நான் வேண்டியது அது ஒன்றுதான்.

சுற்றுகிற பரோட்டா

அதற்கு முன் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் ஹோட்டல் வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். தூரத்தில் வருகிற லாரிக்காரனுக்கும் பரோட்டா தெரிய வேண்டும், அதுவும் சுற்ற வேண்டும். ஆனால் போர்டு சின்னதாக இருக்க வேண்டும், பல்பு வெள்ளை மட்டும் போதும் என்றார். "வெள்ளையில வட்டம் வட்டமா வெச்சா பரோட்டான்னு தெரியாதுங்க, கொஞ்சம் மஞ்சளும் காவியும் கலந்துக்கலாம்" என்றேன். "சொன்னதச் செய்யும்மா" என்றார். சொன்னதைச் செய்தேன். நன்றாகவே சுற்றியது.

பத்து நாள் போயிருக்கும். கடைவாசலில் பைக்கை நிறுத்தின ஹோட்டல்காரர் இறங்கக்கூட இல்லை. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். "ஏம்மா, வர்றவனெல்லாம் வண்டிய ஓரங்கட்டிட்டு, பஞ்சர் ஒட்ட ஆள் இருக்கான்னு கேக்கறான்! நீ பொறந்ததுல இருந்து பரோட்டாவக் கண்ணுல பாத்திருக்கியா?"

பெங்களூர்

ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மயில் வரைந்தேன். தோகை விரியும்போது பச்சையில் இருந்து நீலம், நீலத்தில் இருந்து ஊதா என்று கட்டம் கட்டமாக மாறும். கட்டங்களைப் பார்த்துப் பார்த்து, சோற்றைப் பிசையும்போதும் எனக்குக் கட்டமாகவே தெரிந்தது. மண்டபத்து மேனேஜர் போர்டைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி இந்தப் பக்கமே யாரும் செய்ததில்லை, யார் வரைந்தது என்று கேட்டார். நான் அங்கேயே, ஒயர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். முதலாளித் தம்பி கூசாமல், "பெங்களூர்ல இருந்து வரவழைச்சதுங்க" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கி வந்து கொடுக்கிறவர்தான். திரும்பி வரும்போது வேனில் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். ஸ்டீயரிங்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் சிரித்தார். "உங்களக் காட்டி இந்தக்காதான் வரைஞ்சாங்கன்னு சொன்னா எவன்க்கா நம்புவான்?"

களை எடுக்க வந்தவள்

மாரியம்மன் வேலையைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர்த் தர்மகர்த்தா. என்னைவிட இளையவர். முதலாளியிடம் வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும், "நீ மாரிமுத்து பொண்டாட்டிதானே? நீயா வரையற?" என்றார். நான் ஆமாங்க என்றேன். மூலவரைச் செல்போனில் எடுத்த படத்தை அனுப்பிவைத்தார்.

நான் அந்தக் கோயிலுக்குள்ளே போனதில்லை. வெளியே நின்று விளக்கைப் பார்த்துத்தான் கும்பிட்டிருக்கிறேன். திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். ஆத்தா என் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தாள். மூக்குத்தி, உதட்டோரம் எண்ணெய்ப் பளபளப்பு, கன்னத்தில் ஒட்டிய குங்குமம். இத்தனை வருசமாக இவளைத்தான் கும்பிட்டேனா என்று அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரைந்தேன். கருங்கல் முகம், அதனால் கரும்பழுப்பு வைத்தேன். நெற்றியில் மஞ்சளும் பொட்டில் சிவப்பும் வைத்ததும் பார்க்க அவ்வளவு சாந்தமாக இருந்தது. தர்மகர்த்தா வந்து பார்த்தார். முதலாளியைப் பார்த்துச் சொன்னார். "ஆத்தான்னா எங்க வூட்டுப் பொம்பளைங்களாட்டம் செவப்பா, லட்சணமா இருக்க வேணாமாங்க? இது என்னமோ களையெடுக்க வந்தவளாட்டம் இருக்குது."

கண்

நிறத்தை மாற்றினேன். கட்டம் கட்டமாகக் கரும்பழுப்பை எடுத்துவிட்டுச் சிவப்பும் மஞ்சளும் வைத்தேன். மனசு வரவில்லை, வேலை வந்தது. ஆனால் கண்ணை மட்டும் அன்றைக்கு வைக்கவில்லை. சிலைக்குக் கடைசியில்தானே கண் திறப்பார்கள்? நானும் எந்தச் சாமி வரைந்தாலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, மவுஸைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கண் வைப்பேன். கடையில் என்னைக் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

அந்த முறை ஆத்தாவிடம் பேசிக்கொண்டேதான் கண் வைத்தேன். "தாயே, எம் புள்ளைங்க வளர்ந்த தெரு அது, ஒரு தரம் பார்த்துடு" என்றேன். ஒரு கட்டம் தள்ளி வைத்தால் மாறுகண், ஒரு கட்டம் கீழே வைத்தால் தூக்கக்கண். நான் வைத்துவைத்து எடுப்பதைப் பார்த்து முதலாளித் தம்பிக்குப் பொறுக்கவில்லை. போன மாசம் வரைந்த லட்சுமியின் கண்ணை எடுத்து ஒட்டிவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். "கண்ணுக்கு நாலு பல்புதானேக்கா, சாமி வந்து எண்ணியா பாக்கப் போவுது?"

இரண்டு முகம்

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு புளியமரம். அங்கிருந்து ஒரு பாதை ஊருக்குப் போகும், எதிர்ப்பாதை எங்கள் தெருவுக்கு. போர்டு அந்த மரத்தடியில்தான் நிற்கும். முதுகோடு முதுகாக இரண்டு போர்டு வைத்துக் கட்டினால் இரண்டு பக்கமும் முகம் தெரியும். முதலாளியிடம் கேட்டேன். அவர் மறுபேச்சே பேசவில்லை. "இன்னொரு போர்டு சும்மாதான்க்கா கெடக்குது, நானே தர்றேன். அவங்க சரின்னா கட்டிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவர் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

தர்மகர்த்தா பாட்டு செட் விசயமாகப் பேச வந்தபோது, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டேன். "ஐயா, செலவு ஒண்ணுமில்லீங்க. எங்க பக்கமும் ஆத்தா முகம் தெரிஞ்சா, வயசானவங்கெல்லாம் வாசல்ல இருந்தே கும்புட்டுக்குவாங்க." அவர் செல்போனில் எதையோ தடவிக்கொண்டே தலையாட்டினார். "பாக்கலாம், பாக்கலாம். நல்ல விசயந்தானே."

பின்பக்கம்

நான் நம்பிவிட்டேன். தெருவில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன். பண்டிகை அன்று சாயங்காலம் எங்கள் தெருப் பெண்கள் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். மகள்கூட ஓசூரில் இருந்து வீடியோ போட்டு, எங்கேம்மா காட்டு என்றாள். மரத்தடியில் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. ஊர்ப் பக்கம் குலவை கேட்டது. எங்கள் பக்கம் தகரச் சட்டம், கறுப்பும் சிவப்புமாகத் தொங்குகிற ஒயர், பல்புகளின் பின்புறம், நடுவில் மினுக் மினுக்கென்று படத்தை ஓட்டுகிற ஒரு டப்பா. மகளிடம் சார்ஜ் இல்லை என்று சொல்லி போனை வைத்தேன்.

நடந்து போய்ப் பார்த்தேன். இரண்டாவது போர்டு வேனிலேயே, சாக்கு போர்த்தினபடி கிடந்தது. முதலாளித் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். தர்மகர்த்தா புது வேட்டியில் நின்றிருந்தார். "ஐயா, பாக்கலாம்னீங்களே" என்றேன். அவர் கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. நல்லவிதமாகத்தான் சொன்னார். "ஆத்தா ஊரப் பாத்துதான் இருப்பா. கும்புடோணும்னா சுத்தி வந்து கும்புட்டுட்டுப் போங்களேன், யாரு வேணாங்கறது? மரத்துக்கு அந்தாண்டயே நின்னுக்கங்க."

மறுநாள் காலையில் அந்த ஒயர்க் கட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு பஸ் ஏறினேன். தான் செய்த சாமியின் முதுகை மட்டும் கும்பிடக் கொடுத்துவைத்தவள் இந்தத் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.