ஃபரீதா அக்காவின் கெட்ட போர்டு

பட்டர்வொர்த்திலிருந்து வேலைக்கு ஃபெர்ரியில் வந்துகொண்டிருந்தபோது ஃபரீதா அக்காவின் கணவர் அழைத்தார். "தம்பி, அக்கா சுபுஹு நேரத்துல மவுத்தாயிட்டாங்க," என்றார். விடியற்காலைத் தொழுகை நேரத்தில் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தியோடு கரையிறங்கி, நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலையில், மருத்துவமனைகளில் நோயாளிகள் மூச்சுவிட உதவும் கருவிகளுக்கான மின்சுற்றுப் பலகைகள் தயாராகின்றன. போர்டு என்றுதான் சொல்வோம். அவற்றைச் சோதிக்கும் இயந்திரத்தின் மென்பொருள் அக்காவின் பொறுப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, அவர் மேசையில் ஒரு போர்டு மட்டும் காப்புப் பைக்குள் பத்திரமாக இருப்பதைப் பார்த்தேன். பழுதானது என்று நன்றாகத் தெரிந்த போர்டு அது. மென்பொருளில் எதை மாற்றினாலும் முதலில் அதைத்தான் சோதனைக்கு வைப்பார். இயந்திரம் அதைப் பழுது என்று சொன்ன பிறகே பசியாறப் போவார். "அக்காவோட மூத்த பிள்ளை" என்று கேலி செய்வோம். "கெட்ட பிள்ளைதான், ஆனா பொய் சொல்லாது லா," என்பார்.

ஒருமுறை மென்பொருளைப் புதுப்பித்ததும் அது திறக்கவே மறுத்தது. அதன் இரண்டு பகுதிகள் ஒரே லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, நம்பியிருந்தன. அளவெடுக்கும் பகுதி பழைய பதிப்பைக் கேட்டது, அறிக்கை தரும் பகுதி புதியதைக் கேட்டது. எந்தப் பதிப்பை எடுப்பது என்று மென்பொருளுக்குச் சொல்வது கான்ஃபிக் ஃபைல். 'யார் கேட்டாலும் புதியதையே கொடு' என்று அதில் ஒரு வரி சேர்த்தோம். திறந்துகொண்டது. கைதட்டினோம். தே தாரிக் தேநீர் வாங்க ஆளும் கிளம்பிவிட்டார்.

அக்கா தன் போர்டை எடுத்து இயந்திரத்தில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. பழுதான போர்டு நல்லதாம்!

போர்டுகளை ஏற்றிப்போக வாசலில் லாரி நின்றது. மேலாளர் முருகேசு அவசரப்படுத்தினார்.

"ஒரு போர்டுதானே ஃபரீதா, அப்புறம் பாத்துக்கலாம். சைன் போடுங்க."

"இந்த ஒன்ன விட்டா, இது மாதிரி எத்தனைய விடும்னு யாருக்குண்ணே தெரியும்? அதுல ஒருத்தர் மூச்சு விடணும். வேலை போனாலும் போகட்டும், நான் போட மாட்டேன்."

குரலைக்கூட உயர்த்தவில்லை. லாரி காலியாகத் திரும்பியது.

பிறகு உட்கார்ந்து தேடினார். புதிய பதிப்பு அளவுகளில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிடுகிறது, அதனால்தான் சின்னப் பழுது கண்ணில் படவில்லை என்று கண்டுபிடித்தார். இரண்டு பதிப்புகளையும் தனித்தனி இடத்தில் வைத்தார். எந்தப் பகுதி எதை எடுக்க வேண்டும் என்று கான்ஃபிக் ஃபைலில் எழுதினார். அந்த வரிகளைத் தொட்டால் என்ன ஆகும் என்றும் மேலேயே எச்சரித்து வைத்தார். மீண்டும் போர்டை வைத்தார். சிவப்பு! அந்தத் துணிவையும் அந்த மூளையையும் நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

சென்ற வாரம், நோயில் படுத்திருந்த அக்காவை மருத்துவமனையில் பார்த்தேன். மூக்கில் குழாய், பக்கத்தில் மூச்சுக் கருவி. அதைக் கண்ணால் காட்டி, "உள்ள நம்ம போர்டு இருக்கும் தம்பி," என்றார்.

"பயமா இருக்காக்கா?"

"நான்தானே பாத்து அனுப்பினேன்? நிம்மதியா தூங்குறேன்."

அடக்கம் முடிந்த மறுநாள், அவர் மேசையிலிருந்த போர்டை எடுத்துச் சோதனைக்கு வைத்தோம். முருகேசுவும் வந்து நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் அழுதவர் அவர்தான்.

நிம்மதியாகத் தூங்குங்கள், அக்கா. இனி நாங்கள் பார்த்து அனுப்புகிறோம்.