ஜேபியில் இருந்த ஃபியூஸ் கட்டை

பலமனேர் நர்சம்மா தபீதாள் ஒரு குடியானவனின் பல்லை உடைத்தது ஊருக்கே தெரியும். ஏன் உடைத்தாள் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நடந்தது இதுதான்.

எழுபத்துநாலாம் வருஷம், மே மாதம். அவள் புருஷன் கிருபானந்தம் லைன்மேன். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியிலிருந்து பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி ஜேபியில் போட்டுக்கொண்டுதான் கம்பம் ஏறுவான். கட்டை தன்னிடம் இருக்கும்வரை எவனும் கரண்டு விடமுடியாதென்ற தைரியம். அன்றைக்கு எவனோ கட்டை இருந்த இடத்தில் வெறும் கம்பியைச் சொருகிவிட்டான். கிருபானந்தத்தைக் கம்பம் தூக்கி வீசியது.

செய்தி கேட்டு அவள் ஓடிவந்தபோது, பாவிகள் அவனைக் கழுத்துவரை மண்ணில் புதைத்திருந்தார்கள். "கரண்டு பூமியில எறங்கட்டும்மா" என்றான் பாலையா. பக்கத்து வேர்க்கடலைக் கொல்லைக்காரனான அவன்தான் எல்லோரையும்விட மும்முரமாக மண் தள்ளிக்கொண்டிருந்தான். "உசுரோட பொதைக்கிறீங்களேடா!" என்று மண்வெட்டியைப் பிடுங்கி, தடுக்க வந்தவன் முழங்காலில் ஒன்று போட்டுவிட்டு, நகம் பிய்யத் தோண்டி எடுத்தாள்.

அவள் வேலை பார்க்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால், வலது உள்ளங்கையில் காலணா அளவு வெள்ளைத் துளை, குதிகால் வெடித்திருந்தது. "இவ்ளோதானா?" என்றார்கள் கூட வந்தவர்கள். மூத்திரம் டிகாஷன் நிறத்தில் இறங்கியதைப் பார்த்த தபீதாள் டாக்டரிடம் ஓடினாள். உள்ளே சதை வெந்து, அந்த விஷம் சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது. பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினார்கள். வீங்கிய கையை டாக்டர் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கீறினார். சதை அவித்த ஈரல் மாதிரி செத்துக் கிடந்தது. கையை எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார்.

"கைய மட்டும் உட்டுடச் சொல்லு தபீதா" என்று கெஞ்சினான் கிருபானந்தம். அவள் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் பாலையா தன் கைப் புண்ணுக்கு மருந்து போட ஆஸ்பத்திரிக்கு வந்தான். அடுப்பு சுட்டதாம். விரலிடுக்கில் உருகிய கம்பிப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. அடுப்பில் எங்கே கம்பி உருகும்? அவள் முறைத்ததும் உளறினான்: "செடி காஞ்சிக்கினு இருந்திச்சிம்மா, அஞ்சே நிமிசம் மோட்டாரு…"

புருஷன் சட்டையிலிருந்து எடுத்த கட்டை அவள் ஜேபியில்தான் இருந்தது. அதாலேயே வாயில் ஓங்கி அடித்தாள். இரண்டு பல்லும் பீங்கான் கட்டையும் சேர்ந்து உடைந்தன. பிறகு அவளே உதட்டைத் தைத்தாள், மரத்துப்போக ஊசி போடாமல். தப்புதான், எனக்கென்னவோ அவள்மேல் கோபம் வரவில்லை.

அன்று சாயங்காலம் கிருபானந்தம் கேட்டான்: "கட்டை ஜேபியிலதானே இருந்திச்சி? என் தப்பு இல்லியே?"

உடைந்த துண்டுகளை அவன் இடது கையில் வைத்தாள்.

"ஒடைஞ்சி பூட்சே! கவர்மென்ட் சாமானு, நாந்தானே எழுதிக் குடுக்கணும்" என்று அவன் கையில்லாத வலது தோளை அசைத்தான். அப்போதுதான் தபீதாள் வாய்விட்டு அழுதாள்.