கூடத்தில் ஒரு மணி நேரம்

வீடு வாங்கப் போகிறோம் என்று யாராவது ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றால் எனக்கு முதலில் குமட்டிக்கொண்டுதான் வரும். அப்புறம் சமாளித்துக்கொண்டு புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவேன். செகந்திராபாத் பக்கம் எங்கள் உறவில், தெரிந்தவர்களில் யார் வீடு பார்த்தாலும் என்னைத்தான் கூட்டிப் போகிறார்கள். எனக்கு மூக்கும் ஜாஸ்தி, வாயும் ஜாஸ்தி.

பத்திரத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார், நீங்கள் பாத்ரூமைப் பாருங்கள் என்பேன். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, தண்ணீர் வடிகிறதா, தேங்குகிறதா என்று நின்று பாருங்கள். காலையில் காட்டின வீட்டை, சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஒரு தரம் போய்ப் பாருங்கள். கோடையில் தண்ணீர் லாரி வருமா என்று விற்கிறவரைக் கேட்காதீர்கள், அவர் கங்கையே வருகிறது என்பார். வாட்ச்மேன் பெண்டாட்டியைக் கேளுங்கள். நுழையும்போதே ஊதுபத்தி மணக்கிற வீடு என்றால் சுவரோரம் இருக்கிற பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள். இதெல்லாம் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று உண்டு, அதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து பதினெட்டு வயதில் இந்த ஊருக்கு வந்து, ரிட்டயர் ஆகும்வரை குவார்ட்டர்ஸிலேயே இருந்தவர். நான் பிறந்தது, வயசுக்கு வந்தது, கல்யாணமாகிப் போனது எல்லாம் அந்த இரண்டு அறைக்குள்தான். அம்மா இறந்தபோதும் அந்தக் கூடத்தில்தான் கிடத்தினோம். லைன் வீட்டு ஜனம் அத்தனையும் வந்து உட்கார்ந்து அழுதது. அந்த வீடும் எங்களுக்குச் சொந்தமில்லைதான். ஆனால் சாவை உள்ளே விடாதே என்று யாரும் சொன்னதில்லை. ரிட்டயர் ஆனதும் அப்பா என்னோடு அல்வாலுக்கு வந்துவிட்டார். நானும் கணவரும் மகளும் அங்கே ஒரு வீட்டின் மாடி போர்ஷனில் ஒன்பது வருஷமாக வாடகைக்கு இருந்தோம். கீழே ஓனரம்மா.

இந்த ஊரில் ஒரு கேவலமான வழக்கம் உண்டு. எல்லா ஓனரும் அப்படியில்லை, ஆனால் நிறையப் பேர் அப்படித்தான். வாடகைக்கு இருப்பவர் வீட்டில் யாராவது செத்தால் பிணத்தை வாசலுக்குள் ஏற்றக் கூடாது. முதன்முதலில் அதை அடுத்த தெருவில் பார்த்தேன். ஒரு தையல்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவர் மாசாமாசம் வாடகை கொடுத்த வீட்டு கேட்டில் பூட்டுத் தொங்கியது. ரோட்டிலேயே ஷாமியானா கட்டி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பொண்டாட்டி தரையில். பக்கத்தில் ஸ்கூல் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வழி கேட்கிறது. ச்சீ, இவர்களெல்லாம் மனிதர்களா என்று வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்கக் கத்தித் தீர்த்தேன். அப்பா டிவியைப் பார்த்தபடி இருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவுக்கு இதயம் தளர்ந்துபோச்சு. மாதக் கணக்கில் ஓடும், வருஷக் கணக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விஷயம் எப்படியோ கீழே போயிருக்கிறது. ஒருநாள் பதினோரு மணிக்கு ஓனரம்மா கிண்ணத்தில் கோங்கூரா பச்சடியோடு மாடி ஏறி வந்தார். சோபாவில் உட்கார்ந்தார், நான் கொடுத்த காபியைக் குடித்தார், சர்க்கரை தூக்கல் என்றார். அப்புறம் தெலுங்கில், ரொம்பத் தன்மையாக ஆரம்பித்தார்.

"தப்பா நினைக்காதேம்மா. பெரியவருக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே கொண்டுபோயிடுங்க. மேல ஏத்த வேண்டாம். கீழ நாங்க குடியிருக்கோம் இல்லையா."

அப்பா பக்கத்து அறையில்தான் கட்டிலில் இருந்தார். கதவு திறந்தே இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன், அவர் காதில் விழுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தம்மா போனதும் பச்சடியைக் குப்பையில் கொட்டி, கிண்ணத்தை மூன்று தரம் தேய்த்தேன். உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார்.

"ஒரு வூடு பாரும்மா. ரிட்டயர் பணம் அப்படியே கிடக்குது, எடுத்துக்கோ. எனக்கு வாழறதுக்கு வேணாம். கூடத்துல ஒரு மணி நேரம் படுக்க வெச்சாப் போதும். தெருவுல போட்டுடாத."

அப்படித்தான் நாங்கள் வீடு தேட ஆரம்பித்தோம்.

அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்த அழுக்கை எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. சனத்நகரில் ஒரு ஃப்ளாட். காலை ஏழு மணிக்கே புரோக்கர் வரச்சொன்னான், காற்று வெளிச்சம் எல்லாம் ஜோர். சந்தேகப்பட்டு சாயங்காலம் தனியாகப் போனேன். பின்பக்கத்துப் பட்டறைகளின் பக்கமிருந்து ஒரு நெடி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. போன் போட்டுக் கேட்டால், பழகிடும் மேடம் என்கிறான். இன்னொரு வீட்டில் எட்டு ஊதுபத்தி. பீரோவைத் தள்ளினால், பின்னால் சுவர் ஊறிய பிஸ்கட் மாதிரி கையோடு வருகிறது. அந்த வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்றார். மூன்றாவதில் கிழக்கு வாசல், நூறு சதவீதம் வாஸ்து என்று ஒரே பெருமை. கீழே பார்க்கிங்கில் பன்னிரண்டு வீட்டுக் கழிவும் போகிற மூடிக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் குடும்பத்துக்கு ஒரு தகர அறை. அந்தப் பெண் அங்கேயே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இதற்கு எந்த மூலை வாஸ்து என்று கேட்டேன். அபார்ட்மென்ட் செக்ரட்டரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் எத்தனை பேர் மேடம் என்று பேச்சை மாற்றினார்.

கடைசியில், நாங்கள் இருந்த இடத்திலிருந்து நாலு தெரு தள்ளி, முதல் மாடியில் ஒரு இரண்டு பெட்ரூம் வீடு அமைந்தது. பழைய கட்டிடம், சுவர் காய்ந்திருந்தது, குழாய் ஒழுங்காக வடிந்தது, கூடம் நீளமாக இருந்தது. அப்பாவுக்குக் காட்டிவிடலாம் என்று ஆட்டோவில் கூட்டிப் போனேன். மூச்சு வாங்க வாங்க ஏறினார். பாதிப் படியில் நின்று சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். ஒர்க்‌ஷாப் காலத்து ஸ்டீல் டேப். படி திரும்புகிற இடத்தைக் குறுக்கே அளந்தார். மேலே வந்து முன்வாசலை அளந்தார். கூடத்தில் தெற்குச் சுவரிலிருந்து இழுத்துப் பார்த்து, தலைமாடு இந்தப் பக்கம் சரியாக வரும் என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

புரோக்கர் சிரித்துக்கொண்டே, "சோபா ஏறுமான்னு பார்க்கிறீங்களா சார்?" என்றான்.

"ஹவ்," என்று இந்த ஊர் பாஷையில் ஆமாம் போட்டார் அப்பா. "பெரிய சோபா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஜூன் கடைசியில் ரெஜிஸ்ட்ரேஷன் முடிந்தது. சாவியை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இனிமேல் யார் வேண்டுமானாலும் கேட்டைப் பூட்டிக்கொள்ளட்டும் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு திமிர்.

கேட்டால் உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும், சொல்கிறேன். முதலில் தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாட மாசம் வந்தது, அதில் கிருகப்பிரவேசம் ஆகாது என்று புரோகிதர் சொன்னார். அது முடிவதற்குள் நமக்கு ஆடி பிறந்துவிட்டது. வேலூரிலிருந்து நாத்தனார் போனில், ஆடியில் பால் காய்ச்சினால் குடும்பம் விளங்காது என்று ஒரு மூச்சு அழுதார். இவர் கம்ப்யூட்டரில் உலகத்தையே கட்டி மேய்க்கிறவர், அக்கா சொன்னதும் தலையை ஆட்டிவிட்டார். நானும் ஆட்டினேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நாள் குறித்தோம். அப்பா மட்டும் ஒருநாள், "நான் போய் ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்கறேனே, பால நீங்க அப்புறம் காய்ச்சிக்குங்க," என்றார். கொஞ்ச நாள்தானே அப்பா, முறையோடு போகலாம் என்று சொன்னேன். அவர் சரி என்றார். மறுபடி கேட்கவில்லை.

ஆடி பாதியில் ஒரு விடியற்காலை அவருக்கு மூச்சு திணறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

பத்து மணிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். டிரைவர் திரும்பி, எந்தப் பக்கம் மேடம் என்று கேட்டான். சாவி என் மடியில் இருந்த பையில்தான் இருந்தது. பையின் ஓரமாக அது என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. இவர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பால்கூட காய்ச்சலை. புது வீட்டுக்குள்ள முதல்ல சாவையா கொண்டுபோறது? நம்ம பொண்ணு இருக்கப் போற வீடு."

எனக்கு அதிர்ச்சியில் வாயடைத்துப்போச்சு என்று சொன்னால் அது பொய். அவர் சொல்வதற்கு முன்னாலேயே என் மனசில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயிலிருந்து வந்தது எனக்குச் சௌகரியமாகப் போச்சு. எதிரே உட்கார்ந்திருந்த என் மகள், வீட்டில் நாங்கள் தமிழ் பேசினாலும் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். அது தாத்தா வாங்கின வீடுதானே, அங்கே ஏன் போகவில்லை என்று தெலுங்கில் கேட்டாள். சும்மா இரு என்று அவளை அதட்டினேன். டிரைவரிடம் வாடகை வீட்டு விலாசத்தை என் வாயால் நான்தான் சொன்னேன்.

ஓனரம்மா சொன்னபடி கேட் மூடியிருந்தது. ஆனால் ரோட்டில் ஷாமியானா கட்டியிருந்தது, நாற்காலிகள் போட்டிருந்தன. நாங்கள் போன் செய்த அரை மணி நேரத்துக்குள் அந்தம்மாவே ஆள் வைத்து ஏற்பாடு செய்திருந்தார். தண்ணீர் கேன் வைத்தார், ஃபேனுக்கு ஜன்னல் வழியாக ஒயர் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கூட. அந்தக் கையை உதறிவிட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. தூறல் விழ ஆரம்பித்தது. அப்பாவின் கால் பக்கம் ஷாமியானா ஒழுகியது. ஒர்க்‌ஷாப் பழைய ஆட்கள் நாலைந்து பேர் வந்து, மாலையைப் போட்டுவிட்டு, உட்கார இடமில்லாமல் எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றார்கள். தண்ணீர் லாரி ஒன்று வந்து ஹார்ன் அடித்தது. பெஞ்சைத் தூக்கிக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்தோம்.

அப்போது அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார், வீடு வாங்கிட்டதா அப்பா சொன்னாரேம்மா என்று. ஆடி மாசம் என்றேன். அந்தத் தையல்காரர் வீட்டு கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்து நான் காறித் துப்பியது ஞாபகம் வந்தது. நாலு தெரு தள்ளி இருந்த இன்னொரு பூட்டின் சாவி என் பையில் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆவணியில் குறித்த நாள் வீணாகிவிடுமே என்று இவர் புரோகிதரிடம் போனார். ஒரு வருஷம் தள்ள வேண்டும் என்று சொல்வார் என்று நினைத்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, காரியம் முடிந்தால் தீட்டு போச்சு, தாராளமாகப் பால் காய்ச்சலாம் என்றார். அப்பா உள்ளே வருவதற்குக் கிடைக்காத சலுகை எங்களுக்கு ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது. நாத்தனாரே வேலூரிலிருந்து வந்து பால் பொங்க வைத்தார். பொங்கினதும் எல்லோரும் கையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன், த்தூ.

ஆகவே கடைசிப் புத்திமதி இது. வீடு வாங்கினால், சாவி கைக்கு வந்த அன்றைக்கே உள்ளே போய்ப் படுத்துவிடுங்கள். யார் மாசத்தையும் கேட்காதீர்கள்.

குடிபோன வாரம் புது சோபா வந்தது. மூன்று பேர் உட்காருகிற பெரிய சோபா. தூக்கி வந்த இரண்டு ஆட்களும் படி திரும்புகிற இடத்தில் நின்று, இங்கே இடிக்கும் மேடம், பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றணும், அதற்குத் தனியாகத் தரணும் என்றார்கள். இடிக்காது, அளந்து வைத்திருக்கிறது, தூக்குங்கள் என்றேன். நம்பாமல்தான் தூக்கினார்கள். இரண்டு பக்கமும் ஒரு விரல்கடைகூட உரசாமல் திரும்பி, வாசல் வழியாக நேராக உள்ளே போய்விட்டது. ஒருவன் ஆச்சரியப்பட்டு, சரியா அளந்திருக்காங்க மேடம், யார் அளந்தது என்று கேட்டான். எங்கப்பா என்றேன். எங்கே போடட்டும் என்றார்கள். தெற்குச் சுவரோரம் போடச் சொன்னேன்.